மகாராஜபுரத்துக் கற்சுவர்களும் அசிசிப் பேராலயமும்

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பைக் கடந்து தாணிப்பாறைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது மகாராஜபுரம். இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. கிணற்றுச் சுவரிலும் பழைய வீடுகளின் அடித்தளத்திலும் மலைக்கல்லையே காண்கிறோம். அங்கிருந்து திருவில்லிபுத்தூர் வந்தால், ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் 192 அடி உயர்ந்து நிற்கிறது. அடியில் கருங்கல், மேலே செங்கல்லும் சுதையும். கனத்தைக் கீழே இருத்தி, உயர உயரக் குறுக்கிக் கட்டிய முன்னோரின் மதிநுட்பத்தை வியக்கிறோம்.

“நம் பக்கத்தில் பூமி அதிராது” என்பார் பலர். 1900 பிப்ரவரி 8-ஆம் நாள் கோயம்புத்தூரை மையமாகக் கொண்டு எழுந்த நிலநடுக்கம் தென்னகமெங்கும் உணரப்பட்டது. மராட்டியத்துக் கில்லாரியும் ஆபத்து மிகக் குறைந்த பகுதியென்றே கருதப்பட்டிருந்தது. 1993 செப்டம்பர் 30-ஆம் நாள் விடியுமுன் அங்கே பல்லாயிரவர் உறக்கத்திலேயே மாண்டனர். அவர்களைக் கொன்றவை அவர்தம் வீட்டுச் சுவர்களே. வெளிப்புறம் ஒரு கல்வரிசை, உட்புறம் ஒரு கல்வரிசை, நடுவே உடைகல்லும் மண்ணும். இரு வரிசைகளையும் பிணைக்க ஊடே செல்லும் நீண்ட கல் இல்லை. கூரைமேலோ கனத்த மண். அதிர்ந்தவுடன் வரிசைகள் பிரிந்து சரிந்தன.

புனித பிரான்சிஸ் துயிலும் அசிசிப் பேராலயத்திற்கும் இத்தகைய சோதனை நேர்ந்தது. 1997 செப்டம்பர் 26-ஆம் நாள் இரவில் ஓர் அதிர்ச்சி. சேதத்தைப் பார்வையிட்டுக் கொண்டிருந்தபோது முற்பகலில் மற்றொன்று. வளைகூரை இடிந்து, துறவியர் இருவரும் தொழில் வல்லுநர் இருவருமாக நால்வர் உயிர் நீத்தனர். காலங்காலமாக அவ்வளைவின் மேல் சேர்ந்திருந்த இடிபாட்டுக் குவியலின் கனம் ஒரு முக்கிய காரணமாயிற்று. வல்லுநர்கள் அக்குவியலை அகற்றி, வளைவின் மேற்புறம் இலேசான, உறுதிமிக்க இழைப்பட்டைகள் அமைத்தனர். 1999 நவம்பரில் ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது.

நம் பங்குகளின் பழைய கற்கோயில்களை எண்ணிப் பார்க்கிறோம். ஓட்டுக் கூரையை நீக்கிக் கனத்த கான்கிரீட் தளம் போடுவதைப் பெருமையாகக் கருதுவோர் உண்டு. அச்சுவர்களைச் சோதிக்காமல் அப்படிச் செய்வது நமக்கு உடன்பாடன்று. சுண்ணாம்புக் காரைச் சுவரின்மேல் சிமெண்டுப் பூச்சும் வேண்டாம். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். கடுக்காயும் வெல்லமும் சேர்த்துக் காரை அரைக்கத் தெரிந்த கொத்தனார் இருந்தால் அவரைத் தேடிப் பிடித்தல் நலம்.

பழஞ்சுவரைப் பிணைக்கவும் வழியுண்டு. இடைவெளி விட்டுச் சில கற்களை எடுத்து, சுவரின் ஊடே துளை அமைத்து, இரு முனையும் வளைந்த கம்பியை வைத்துக் கான்கிரீட்டால் நிரப்புவர். கல்லை எடுக்கும்போது சுத்தியலால் அடித்துச் சுவரை அதிரச் செய்தலாகாது. கடப்பாரை முனையால் மெல்ல நெம்பி, ஒவ்வொன்றாய்க் கையால் எடுத்தல் வேண்டும்.