தம்பியின் பெயர்

என் தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்த பிறகும் பெயர் முடிவாகவில்லை. ஒரகடத்தில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு 'நியூட்டன்' என்று வைக்க ஆசை. சிவகங்கைப் பக்கத்துப் புதூரிலிருந்து எங்களோடு வந்துவிட்ட அப்பத்தாவுக்கோ, காலஞ்சென்ற தாத்தாவின் பெயர் வேண்டும். தாத்தா பெயர் சவரிமுத்து. "வாயில நுழையாத பேரு எதுக்குடா?" என்று அப்பத்தா கேட்பார். அப்பா பதில் சொல்லாமல் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டு விடுவார். இரண்டு நாள் அப்பத்தா சரியாகச் சாப்பிடவும் இல்லை.

எனக்கு இருவர் மீதும் கோபம். பெயரில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பள்ளி நூலகத்தில் தேடினேன். பொறுப்பிலுள்ள சகோதரி அகராதிகளை எடுத்துக் கொடுத்தார்.

நியூட்டன் என்பது விஞ்ஞானியால் வந்த பெயர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது ஊர்ப்பெயராம்! இங்கிலாந்தில் அப்பெயரில் பல ஊர்கள் உண்டு. அங்கிருந்து வேறிடம் போனவர்களை ஊரைச் சொல்லி அழைக்க, அது குடும்பப் பெயராகி, பின்னாளில் பிள்ளைகளுக்கு இடும் பெயருமாயிற்று. பழைய ஆங்கிலத்தில் 'நீவெ' என்றால் புது. 'டூன்' என்றால் வேலியடைத்த இடம்; பிறகு அதுவே ஊர் என்றாகிவிட்டது. (நம் 'பட்டி'யும் ஆடுமாடு அடைக்கும் இடமாயிருந்து ஊரானதுதானே!) சேர்த்துப் பாருங்கள், தோழியரே. நியூட்டன் என்றால் புதூர்! அப்பத்தாவின் ஊர். நாங்கள் இப்போது குடியிருக்கும் ஸ்ரீபெரும்புதூரின் கடைசியிலும் அதே புதூர். 1017இல் இராமானுசர் பிறந்த ஊர், இன்னும் 'புது' ஊராகவே இருக்கிறது.

அதோடு விட மனம் வரவில்லை. சவரிமுத்துவையும் பார்த்தேன். சவரி என்பது சவேரியார். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், இன்று ஸ்பெயினிலுள்ள நவார் பகுதியில் ஒரு கோட்டையில் 1506இல் பிறந்தவர். அந்த இடத்தின் பெயரே அவருக்கும் வந்தது. அங்கே வழங்கும் பாஸ்க் மொழியில் 'எச்சே' வீடு, 'பெர்ரி' புது. ஆக, சவேரியார் 'புதுவீட்டார்'.

அன்று மாலை மூச்சிரைக்க ஓடி வந்து வீட்டில் சொன்னேன். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "அப்ப ரெண்டையும் வச்சிருவோம்மா" என்றார். ஞாயிறன்று கோவில் பதிவேட்டில் சவரிமுத்து நியூட்டன் என்று எழுதினார்கள்.

அப்பத்தா மட்டும் சிரிக்கவில்லை. தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே, "புது ஊரு, புது வீடு, எல்லாஞ் சரிதான். அங்கன பூட்டிக் கெடக்குற பழைய வீட்டை என்னடா செய்யப் போற?" என்று கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுச் சாவி இன்னும் அப்பத்தாவின் சுருக்குப் பையில்தான் இருக்கிறது.