வேலிக்குள் வேட்டை ஆகுமா?

சாங்விக்கு மான் பார்க்க யாரும் வருவதில்லை; சாங்வியிலிருந்துதான் கிளம்பிப் போகிறார்கள். புனேக்கு வடமேற்கே, முளா நதியும் பவனா நதியும் ஒன்றுசேர்வதற்குச் சற்று முன், இரண்டுக்கும் நடுவே இருக்கிறது இந்தப் பழைய கிராமம். இன்று அது பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சியின் ஒரு பகுதி. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஔந்த். சற்றுத் தள்ளி, ராணுவத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த தமிழர்கள் தலைமுறைகளாக வசிக்கும் கட்கி. விடுமுறை நாளில் குழந்தைகளுக்கு மான் காட்ட வேண்டுமென்றால், நகரத்தைக் குறுக்கே கடந்து தெற்குக் கோடியில் இருக்கும் காத்ரஜுக்குப் போக வேண்டும். சுமார் 20 கி.மீ. பயணம்.

வழியில் ஸ்வார்கேட் அருகே பார்வதி மலை. அதன் அடிவாரத்தில்தான் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேஷ்வா சவாய் மாதவராவ் மான் முதலான மிருகங்களை வளர்த்துவந்தார். அந்த இடத்துக்கு வழங்கிய பெயர் 'ஷிகார்கானா', அதாவது வேட்டைச் சாலை. வளர்க்கும் இடத்துக்கு வேட்டையின் பெயர்! இதே வட்டாரத்தில் 1953இல் பேஷ்வே பூங்கா மிருகக்காட்சிசாலை வந்தது. 1999இல் காத்ரஜில் ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்கா திறக்கப்பட்டு, மிருகங்கள் அங்கே குடிபெயர்ந்தன.

காத்ரஜில் வேலிக்கு அந்தப் பக்கம் புள்ளிமான்கள் மேய்கின்றன. இந்தப் பக்கம் குழந்தைகள் கத்தினாலும் ஓடுவதில்லை. மனிதன் என்றால் தீவனம் என்று பழகிவிட்ட மிருகங்கள். இப்படிப் பழகிய மானை ஒருவர் துப்பாக்கியால் சுட்டால் அது வேட்டையா? ஆடு, கோழி போல மானையும் பண்ணையில் பெருக்கி, பணம் கட்டுகிறவரைச் சுட அனுமதித்தால் என்ன தவறு?

இந்தியச் சட்டத்தின் பதிலில் குழப்பம் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1991 திருத்தத்துக்குப் பிறகு, அட்டவணையில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதை அடியோடு தடை செய்கிறது. மனித உயிருக்கு ஆபத்து, குணப்படுத்த முடியாத நோய் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே. 2003இல் அமலுக்கு வந்த திருத்தம் இன்னும் தெளிவு. 'வேட்டை' என்ற சொல்லுக்குள் காட்டு விலங்கோடு, அடைத்து வளர்க்கப்படும் விலங்கையும் அது சேர்த்துவிட்டது. கொல்வது மட்டுமல்ல, விரட்டுவதும் பொறிவைத்துப் பிடிப்பதும், அதற்கு முயற்சி செய்வதும்கூட வேட்டைதான். சட்டத்தை மீறி அடைத்து வளர்த்த வனவிலங்கு அரசின் சொத்து. ஆக, "என் பண்ணை, என் மான்" என்ற பேச்சு நீதிமன்றத்தில் செல்லாது.

1998இல் ஜோத்பூர் அருகே காங்கானி கிராமத்தில் இரண்டு வெளிமான்களைக் கொன்ற வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2018 ஏப்ரலில் ஐந்தாண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஜாமீனில் வந்த அவர் மேல்முறையீடு செய்தார். அது திறந்தவெளியில் நடந்த சம்பவம். இன்று ஒருவர் வெளிமானை வேலிக்குள் வைத்துச் சுட்டாலும் பிரிவு அதேதான். தண்டனை மூன்று முதல் ஏழாண்டு வரை சிறை.

அதே வெளிமானுக்கு அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வேறு தலையெழுத்து. 1930களில் இந்தியாவின் வெளிமானும் புள்ளிமானும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டன. இன்று உயரமான வேலி போட்ட தனியார் பண்ணைகளில் அவை பெருகியிருக்கின்றன. 'அயல்நாட்டு விலங்கு' என்பதால் ஆண்டு முழுவதும் சுடலாம். வேட்டை உரிமமும் நில உரிமையாளரின் அனுமதியும் போதும். சுட்டவர் கட்டணம் செலுத்தி, பாடம் செய்த தலையைச் சுவரில் மாட்டிக்கொள்கிறார்.

பண்ணைக்காரர்கள் தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. விலை இருப்பதால்தான் வளர்க்கிறோம், வளர்ப்பதால்தான் இனம் பிழைக்கிறது என்கிறார்கள். பாகிஸ்தானில் வெளிமான் அழிந்தபோது, 1970இல் டெக்சஸ் மான்களைக் கொண்டுபோய்த்தான் மறுபடி வளர்க்கத் தொடங்கினார்கள். இறைச்சிக்கு ஆட்டை வெட்டுகிறவர்கள் மானுக்காகக் கண்ணீர் விடலாமா என்ற கேள்வியும் எளிதில் தள்ளக்கூடியதல்ல.

ஆனால் இதற்கு மறுப்பு வேட்டைக்காரர்களிடமிருந்தே வருகிறது. தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் தொடங்கிய பூன் அண்டு கிராக்கெட் கிளப், தப்ப முடியாத வேலிக்குள் சுடப்பட்ட மிருகத்தைத் தன் சாதனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. இரைக்குத் தப்பிக்க வாய்ப்பு இருந்தால்தான் வேட்டை என்பது அவர்கள் கொள்கை. ஆட்டை வெட்டுகிறவர் அதை வீரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது என்பது நம் பழமொழி. இங்கே வளர்த்தவனே கடாவின் மார்பில் பாய ஆள் கூட்டி வருகிறான்.

சரி, சுடுவதைத் தடுத்துவிட்டால் நம் கடமை முடிந்ததா? தில்லி ஹௌஸ் காஸ் மான் பூங்கா வேறு கதை சொல்கிறது. 1960களில் ஆறு மான்களோடு தொடங்கிய அந்தப் பூங்காவில் சுமார் 600 மான்கள் பெருகின. 2023இல் மத்திய மிருகக்காட்சிசாலை ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்ய, மான்கள் ராஜஸ்தானின் புலிக் காடுகளுக்கு லாரி ஏற்றப்பட்டன. மனிதக் கையில் தின்று வளர்ந்தவை, புலியின் வாசனையே அறியாதவை. வழக்கு உச்சநீதிமன்றம் வரை போய், 2025 நவம்பரில் இடமாற்றம் நிறுத்தப்பட்டது. இங்கே துப்பாக்கி இல்லை, கட்டணம் இல்லை. ஆனாலும் தப்பிக்கத் தெரியாத மானை இரையின் இடத்தில் நிறுத்துவதில் டெக்சஸின் சாயல் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

காத்ரஜும் ஒரு பாடம் கற்றது. 2025 ஜூலையில் சில நாட்களுக்குள் சுமார் 15 புள்ளிமான்கள் இறந்தன. மாடுகளைத் தாக்கும் கோமாரி நோய்தான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. நோய் வந்தால் விலகி ஓட வேலிக்குள் இடம் இல்லை. எத்தனை மான் வளர்க்கலாம், எப்போது இனப்பெருக்கத்தை நிறுத்தலாம் என்று யோசிக்கும் பொறுப்பு வேலி போட்டவருடையது. வேட்டை கூடாது என்ற சட்டம் அந்தப் பொறுப்பை நிறைவேற்றித் தந்துவிடாது.

புனேயிலிருந்து சோலாப்பூர் சாலையில் போய்த் திரும்பினால் பாராமதி தாலுகாவில் சுபே. அங்கே மயூரேஷ்வர் சரணாலயம், சுமார் 5 சதுர கி.மீ. புல்வெளி. 1997இல் அறிவிக்கப்பட்டது. சிங்காரா மான்கள் இங்கே விளைநிலங்களின் ஓரத்தில் மேய்கின்றன. தீவனத் தொட்டி கிடையாது, வறட்சியும் நாய்களும் உண்டு. ஆள் அரவம் கேட்டதும் தலை தூக்கிப் பார்த்து, மறுநொடி பாய்ந்து மறைந்துவிடுகின்றன. குழந்தைகளுக்குச் சரியாகப் பார்க்கக்கூடக் கிடைப்பதில்லை. அந்த ஓட்டத்தைத்தான் வேலி முதலில் பறித்துக்கொள்கிறது. துப்பாக்கி வருவது அதற்குப் பிறகுதான்.