ஓடுகிறவனின் தட்டு

பயிற்சியின் பலனை நாம் கால்களில் தேடுகிறோம். விலங்கியல் பயிலும் எனக்கோ இரத்தத்தில் நடப்பதே பெரும் வியப்பு.

பிட்யூட்டரி சுரப்பியின் வளர்ச்சி ஹார்மோன் ஏவ, கல்லீரல் ஒரு சிறு புரதத்தை இரத்தத்தில் விடுகிறது. ஐ.ஜி.எஃப்-1 என்பது அதன் பெயர். 70 அமினோ அமிலங்களாலான அதன் அமைப்பு 1978-இல் வெளியாயிற்று. எலும்பும் தசையும் வளர உதவும் தூதன் அது.

கடும் பயிற்சி இதைக் கூட்டும் என்றுதானே எண்ணுவோம்? வளரிளம் பருவத்தினரிடம் நடந்த ஆய்வுகளில், பயிற்சியின் முதற்சில வாரங்களில் தசை பெருகியபோதும் இரத்தத்தில் இப்புரதம் குறைந்தது! உடலின் செலவு வரவை மிஞ்சுவது இதற்கொரு முக்கிய காரணம். உணவும் ஓய்வும் ஈடுகொடுத்தால் அளவு மீண்டும் ஏறும். பட்டினி கிடந்தாலோ, வளர்ச்சி ஹார்மோன் மிகுந்திருந்தும் கல்லீரல் அதன் சொல்லைக் கேட்பதில்லை.

விடியலில் வெறும் வயிற்றோடு பத்துச் சுற்று ஓடிவிட்டு, அப்படியே முதல் வகுப்பில் வந்தமரும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் செலவிடுவது வியர்வையை மட்டுமன்று, தம் வளர்ச்சியையும்தான்.

"ஓடுற புள்ளைக்கு மொதல்ல சோறு போடணும்" என்பாள் பள்ளி வாசலை மிதிக்காத என் தாய். விஞ்ஞானமும் அதையே சொல்கிறது. கோப்பைகளை எண்ணும் நாம், ஓடுகிறவனின் தட்டில் ஒரு முட்டையும் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் இருக்கிறதா என்றும் பார்ப்போமாக!