ஒளித்து வைத்த டப்பாவும் அத்தையின் கைத்தடியும்

தினமும் நடக்கச் சொல்லாத டாக்டர் கிடையாது. 'ஆகட்டும் டாக்டர்' என்று தலையாட்டிவிட்டு நடக்காத நோயாளிகளுக்கும் குறைவில்லை. "சும்மா எங்கே போய் என்னத்தை நடக்கிறது?" என்பதுதான் முக்கால்வாசிப் பேர் சொல்லும் காரணம். அதிலும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோயில், கடை என்றால் கால் தானாக நடக்கும். காரியம் இல்லாமல் நடப்பதென்றால் வாசற்படி தாண்ட மனசு வராது. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு காரியத்தை உண்டாக்கிக் கொடுக்கும் பொழுதுபோக்கு ஒன்றைப் பற்றித்தான் சகோதரிகளுக்குச் சொல்லப் போகிறேன். அதன் பெயர் ஜியோகேச்சிங்.

பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவைப் பூங்காவிலோ காட்டுப் பாதையிலோ ஒளித்து வைக்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையதளத்தில் போடுகிறார். மற்றவர்கள் அந்த எண்களைச் செல்போனில் வைத்துக்கொண்டு தேடிப் போகிறார்கள். டப்பாவுக்குள் சின்ன நோட்டோ காகிதச் சுருளோ இருக்கும். அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். இந்த டப்பாவுக்குக் 'கேச்' என்று பெயர். கொஞ்சம் பெரியதாக இருந்தால் உள்ளே பொம்மை, சாவி வளையம், கோலிக்குண்டு என்று சில்லறைச் சாமான்களும் கிடக்கும். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

நாங்கள் குடியிருப்பது அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரத்துக்குப் பக்கத்தில். இந்த விளையாட்டு பிறந்ததும் இதே வட்டாரத்தில்தான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துக்காக ஏற்பட்டவை. பொதுஜனங்களுக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்தார்கள். அதனால் கருவி 100 மீட்டர் வரை இடம் தப்பிக் காட்டும். ஜனாதிபதி கிளிண்டன் உத்தரவின்படி 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே டேவ் உல்மர் என்ற கம்ப்யூட்டர் நிபுணர், பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, அதன் எண்களை வெளியிட்டார். வாளிக்குள் புத்தகங்கள், வீடியோ, கவண், ஒரு டின் பீன்ஸ் எல்லாம் இருந்தனவாம். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் ஜியோகேச்சிங்.காம் என்ற தளத்தைத் தொடங்கியபோது அதில் இருந்தவை 75 டப்பாக்கள்தான். இப்போது உலகம் முழுவதும் 30 லட்சத்துக்கு மேல். நம் இந்தியாவிலும் இருக்கின்றன. பீவர்கிரீக்கில் அந்த வாளி இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்குள் இது வந்தது என் மாமியாருக்காக. மாமனார் காலமான பிறகு அத்தையை ஊரில் தனியாக விட மனமில்லாமல் இங்கே ஆறு மாதம் அழைத்து வந்தோம். வந்த நாள் முதல் ஜன்னலோர நாற்காலிதான் கதி. முழங்கால் வலி ஒரு பக்கம், சர்க்கரை ஒரு பக்கம். டாக்டர் தினம் அரை மணி நடக்கச் சொல்லியிருந்தார். "யாரைத் தெரியும்னு வெளியே போறதுத்தா? ரோட்டுல ஒரு மனுசன் நடமாட்டம் இல்ல" என்பார். சாப்பாடும் பாதியாகக் குறைந்துவிட்டது. எனக்கு உள்ளூர பயமாகவே இருந்தது.

பள்ளியில் சிநேகிதர்கள் சொல்லி இந்த விளையாட்டைத் தெரிந்துகொண்டவன் என் மகன். "அப்பத்தாவையும் கூட்டிட்டுப் போவோம்மா" என்றான். "முழங்கால் முடியாதவங்களைக் காட்டுக்குள்ள எப்படிடா கூட்டிட்டுப் போறது?" என்றார் என் கணவர். அதற்குப் பதில் அந்தத் தளத்திலேயே இருந்தது. நான் படித்தது பள்ளி இறுதி வகுப்பு வரைதான். எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். எண்களும் சின்னங்களும் பார்க்கத்தான் மிரட்டுகின்றன. நம் வீட்டு மனிதர்களுக்கு எந்தப் பாதை ஒத்துவரும் என்று கிளம்பும் முன்னே தெரிந்துகொள்ளத்தான் அத்தனையும்.

இரண்டு எண்கள்

ஒவ்வொரு டப்பாவுக்கும் இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். இரண்டும் 1-இலிருந்து 5 வரை, அரை அரையாக ஏறும். முதலாவது, கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு. இரண்டாவது, போகும் வழி எவ்வளவு கஷ்டம் என்பதற்கு. பெரியவர்கள் வீட்டில் இருந்தால் இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழி எண் 1 என்றால் சக்கர நாற்காலி போகும் அளவு சமதளம். 1.5 என்றால் மேடு பள்ளம் அதிகமில்லாத குறுகிய நடை. 5 என்றால் படகு, கயிறு, முக்குளிக்கும் சாமான் ஏதாவது வேண்டியிருக்கும். அந்தப் பக்கமே நமக்கு வேண்டாம்.

அளவையும் பாருங்கள். மிகச் சிறியது 100 மில்லிக்கும் குறைவு. பழைய காமிரா பிலிம் டப்பா போல இருக்கும். அடுத்தது ஒரு லிட்டர் வரை. அதற்கடுத்தது 20 லிட்டர் வரை. குழந்தைகளைக் கூட்டிப் போனால் சாமான் உள்ள டப்பாவாகத் தேர்ந்தெடுங்கள். வெறும் காகிதச் சுருளைக் கண்டால் அழுதுவிடுவார்கள்!

சின்னப் படங்களும் பழைய பதிவுகளும்

பக்கத்தில் சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். சக்கர நாற்காலி போகுமா, குழந்தை வண்டி போகுமா, ஒரு மணி நேரத்துக்குள் முடியுமா, விஷச் செடி உண்டா, உண்ணி உண்டா என்பதெல்லாம் அதிலேயே தெரியும்.

அதைவிட உபயோகமானது, முன்னால் போனவர்கள் எழுதிய பதிவுகள். கண்டவர்களுக்கு மஞ்சள் நிறத்தில் சிரித்த முகம், காணாதவர்களுக்கு நீல நிறத்தில் வாடிய முகம் என்று அடையாளம் இருக்கும். கடைசி நாலைந்து பதிவும் வாடிய முகமாக இருந்தால் டப்பா தொலைந்திருக்கலாம். பெரியவர்களை அங்கே அலைய விடக் கூடாது. 'மழையில் பாதை சேறு' என்று யாராவது எழுதியிருந்தால் அதுவும் நமக்கு லாபம். இந்த ஊரில் குளிர்காலம் முழுக்க மழை ஆயிற்றே!

எண்களைப் படிக்கும் விதம்

இந்தத் தளத்தில் இடத்தைப் பாகையிலும் தசம நிமிடத்திலும் கொடுப்பார்கள். உதாரணமாக, வடக்கு 45 பாகை 27.500 நிமிடம் என்று இருக்கும். இந்த 27.500 என்பது 27 நிமிடம் 30 விநாடி. இதை 27 நிமிடம் 50 விநாடி என்று எடுத்துக்கொண்டால் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்போம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய தூரம். ஆகவே எண்களைக் கையால் போடும்போது, போனில் எந்த முறை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக ஏறத்தாழ 1.85 மீட்டர்தான் வித்தியாசம். அத்தனை நுணுக்கம்!

ஜி.பி.எஸ். வேலை செய்ய டவர் சிக்னல் வேண்டியதில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால் போதும். ஆனால் வரைபடம் வந்து சேர இன்டர்நெட் வேண்டும். காட்டுப் பக்கம் போவதானால் வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு நோட்டில் எண்கள், டப்பாவின் அளவு, கடைசியாகக் கண்ட தேதி எல்லாம் எழுதிவிடுவேன். போன் சார்ஜ் தீர்ந்தாலும் நோட்டு தீராது.

அடர்ந்த மரங்களுக்கு அடியில் போன் அம்பு இப்படியும் அப்படியுமாக ஆடும். அப்போது திறந்த வெளியில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று பார்க்க வேண்டும். நாலைந்து மீட்டர் நெருங்கியதும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணாலும் கையாலும் தேட வேண்டியதுதான்.

ஜாக்கிரதை வேண்டிய விஷயங்கள்

ஆரிகன் காடுகளில் பாய்சன் ஓக் என்ற செடி உண்டு. ஒரு காம்பில் மூன்று இலையாக இருக்கும். அதன் எண்ணெய் பட்டால் பலருக்குத் தோல் தடித்து, கொப்புளம் போட்டு அரிக்கும். பட்டதாகத் தோன்றினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். பொந்துக்குள் கை விடும் முன் குச்சியால் தட்டிப் பாருங்கள். சர்க்கரைக்காரர்கள் தண்ணீரும் சிறிது தின்பண்டமும் இல்லாமல் கிளம்பக் கூடாது. ஆனால் டப்பாவுக்குள் தின்பண்டம் வைக்கவே கூடாது. வாசனைக்கு மிருகங்கள் வந்து கடித்துப் போட்டுவிடும். மூடியை அழுத்தி மூடுங்கள். ஈரம் இறங்கினால் உள்ளே இருக்கும் காகிதம் வீண். மிகச் சிறிய டப்பாவில் பேனா இருக்காது. நாம்தான் கொண்டுபோக வேண்டும்.

ரகசியக் குறிப்பு

தேடுபவர்களுக்கு உதவியாக ஒரு குறிப்பும் கொடுத்திருப்பார்கள். ஆனால் தற்செயலாகக் கண்ணில் பட்டுவிடாதபடி எழுத்துக்களை மாற்றி வைத்திருப்பார்கள். ஆங்கில எழுத்து 26. முதல் 13 எழுத்தை மேல் வரிசையிலும், அடுத்த 13 எழுத்தை அதற்கு நேர் கீழேயும் எழுதிக்கொள்ள வேண்டும். மேலே இருப்பதற்குக் கீழே இருப்பதும், கீழே இருப்பதற்கு மேலே இருப்பதும் மாற்று. 'ஏ' இருந்தால் 'என்' என்று கொள்ள வேண்டும், 'என்' இருந்தால் 'ஏ'. போனில் ஒரு தட்டுத் தட்டினால் விடை வந்துவிடும் என்றாலும், என் மகன் வேண்டுமென்றே ஒரு தாளில் இரண்டு வரிசையும் எழுதி அத்தையிடம் கொடுத்தான்.

அத்தை படித்தது எட்டாம் வகுப்பு. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துப் போட்டியை ஒரு வாரமும் விடாதவர். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியிலிருந்து சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் எழுத்தெல்லாம் மாற்றி எழுதிவிட்டார். பேரன் வாசித்துப் பொருள் சொன்னான்: 'உட்காரும் இடத்துக்கு அடியில்.' "அப்ப பெஞ்சுதான்யா. வா, போய்ப் பார்த்துட்டு வருவோம்" என்றார். வந்து இரண்டு மாதத்தில் அவராக 'போவோம்' என்று சொன்னது அன்றைக்குத்தான்.

வழி எண் 1 உள்ள பூங்கா அது. கைத்தடியை ஊன்றிக்கொண்டு இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார். இரும்புப் பெஞ்சில் உட்கார்ந்து, அடியில் கைவிட்டுத் துழாவினார். "பரண்ல இருட்டுல துழாவுன கைத்தா இது" என்றவர், சட்டென்று நிறுத்தினார். "ஏதோ தட்டுப்படுது." காந்தத்தில் ஒட்டியிருந்த தீப்பெட்டி அளவு டப்பா!

உள்ளே இருந்த காகிதத்தை விரித்துப் பேனாவைக் கொடுத்தேன். தன் பெயரைத் தமிழில் எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு அதன் கீழே இன்னொரு பெயரையும் எழுதினார். என் மாமனார் பெயர். அத்தை அந்தப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டபோதுகூட என் முகத்தைத்தான் பார்த்தார். "ரெண்டு பேரும் வந்ததா இருக்கட்டும்த்தா" என்று சொல்லிக் காகிதத்தை அவரே சுருட்டி உள்ளே வைத்தார். நானும் என் மகனும் ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு வாரத்தில் மூன்று நாளாவது கிளம்பிவிடுவோம். ஊருக்குத் திரும்புவதற்குள் 31 டப்பாக்களில் இருவர் பெயரும் ஏறிவிட்டன. முழங்கால் வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தெருக் கோடிகூடப் போகாதவர் முக்கால் மணி நேரம் நடந்தார். ராத்திரி தோசை இரண்டு என்பது மூன்றாயிற்று. பேரனுக்கும் அப்பத்தாவுக்கும் பேச விஷயம் கிடைத்தது.

சகோதரிகளே, நீங்களும் தொடங்குவதானால் இலவசக் கணக்கு ஒன்றே போதும். தளத்தின் வரைபடத்தில் உங்கள் வீட்டுப் பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் யார் மெதுவாக நடப்பாரோ, அவருக்கு ஏற்ற எண்ணாக எடுங்கள். வேகமாக நடப்பவர்கள் காத்திருக்கட்டும், ஒன்றும் குறைந்துவிடாது. குறிப்பை மாற்றி எழுதும் வேலையை மட்டும் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் கொடுத்துப் பாருங்கள்.