கடைசல் பட்டறைக்கு வந்த பங்களா

பொம்மை வீடுகளுக்கு அறைகலன் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே பிரமாணத்தைக் கைக்கொள்ளுகிறார்கள்: அசலில் ஓர் அடி இருப்பது பொம்மையில் ஓர் அங்குலம். அந்தக் கணக்கின்படி 7 அடிக் கதவு 7 அங்குலமாகும். 30 அங்குல உயரமுள்ள சாப்பாட்டு மேசை இரண்டரை அங்குலத்தில் நின்றுவிடும். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து ஒன்றரை அங்குலமே எழும். எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1921 முதல் 1924 வரை இங்கிலாந்தின் மேரி ராணிக்காகச் சமைத்த பொம்மை மாளிகை, குழாயில் நீரும் விளக்கில் மின்சாரமும் ஓட, அக்காலத்து எழுத்தாளர்கள் தம் கைப்படவே எழுதித்தந்த சின்னஞ்சிறு புத்தகங்கள் நூலக அலமாரியை நிறைக்க, இந்தப் பிரமாணத்துக்கே கட்டுப்பட்டு நிற்கிறது. 1924-இல் வெம்பிளியில் நடந்த சாம்ராஜ்யப் பொருட்காட்சியில் லட்சக்கணக்கானோர் அதைக் கண்டு அதிசயித்தார்கள். இலங்கைக்கும் அங்கே ஒரு மண்டபம் இருந்தது. எங்கள் ஊர் வழியாகச் செல்லும் ரயில் பாதை பதுளையை எட்டியதும் அந்த ஆண்டில்தான்.

எங்கள் ஊர் பட்டிப்பொல. இலங்கையின் ரயில் நிலையங்களுள் மிக உயரமானது, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,890 மீட்டர் உயரத்தில், அங்கேதான் இருக்கிறது. அவ்வூரில் எல்லோரும் பாஸ் என்று அழைக்கும் ஒரு தச்சர், முன்னாளில் தேயிலையை அடைத்துக் கப்பலேற்றிய பெட்டிகளின் ஒட்டுப்பலகையை அறுத்து, விக்டோரியா ராணி காலத்துப் பாணியில் ஒரு துரை பங்களாவை, முன்சுவர் இரண்டு கதவுகளாகத் திறந்துகொள்ளும்படி, பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று செய்து முடித்திருந்தார். 1869-இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தபின் நுவரெலியா, அட்டன் மலைகளிலெல்லாம் தேயிலை பரவிய காலத்தில் எழுந்த பங்களாக்களின் லட்சணம் அதில் குறைவின்றி அமைந்திருந்தது: வரவேற்பறையில் கணப்படுப்பு, அதன்மேல் கண்ணாடி பதிக்க இடம், பின்கட்டில் நீண்ட நடைக்கு அப்பால் ஒதுங்கி நிற்கும் குசினி. ஆனால் அறைகள் வெறுமையாக இருந்தன. அவற்றை நிரப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, வரைபடங்களுடன் நான் அம்பாசமுத்திரத்துக்குச் சென்றேன்.

அவ்வூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. விக்டோரியா காலத்து மேசைக் கால், கட்டில் தூண், படிக்கட்டுக் கிராதி, நாற்காலியின் முன்கால் ஆகிய எதை எடுத்துக்கொண்டாலும் அதன் அழகு பெரும்பாலும் கடைசலில் பிறந்ததாகவே இருக்கும். மரத்தைச் சுழலவிட்டு உளி முனையால் குமிழும் கழுத்தும் வளையமுமாக உருவெடுக்கச் செய்யும் அந்த வித்தையை, தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்துக் கைவினைஞர்கள், குழந்தைகளின் செப்புச் சாமானில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்திருக்கிறார்கள். குடம், உரல், அம்மி, திருகை, அடுப்பு என்று ஒரு சமையலறை முழுவதும் ஓலைப்பெட்டி ஒன்றில் அடங்கிவிடும்படி கடைந்து தரும் கைகளுக்குக் கட்டில் தூண் அந்நியமாகாது என்பது என் நம்பிக்கை.

பட்டறை சிறியது, மரத்தூளின் மணமும் சூடேறிய அரக்கின் மணமும் கலந்த இடம். ஒருவர் கயிறு பிடித்து இழுக்க மற்றொருவர் கடைந்த பழைய முறை மாறி, இப்போது மோட்டார் சுழற்றுகிறது. ஆயினும் உளியைப் பிடிக்கும் விரலின் லாவகத்தை எந்த யந்திரமும் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைந்து முடித்த துண்டைச் சுழற்சியிலிருந்து எடுக்காமலே, வர்ணம் சேர்த்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துகிறார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் படிகிறது. பிறகு தாழை மடலை வைத்துத் தேய்க்கிறார்கள். க்ஷணத்தில் மங்கல் நீங்கிப் பளபளப்பு ஏறிவிடுகிறது. தூரிகையால் தீட்டிய வர்ணத்துக்கு இந்த ஆழம் ஒருநாளும் வராது. மரக்கிளையில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பசைதான் இத்தனை காந்திக்கும் மூலம் என்று நினைக்கையில் எனக்கு உண்டான வியப்பு இன்னும் தணியவில்லை.

நான் கொடுத்த வரைபடத்தைக் கடைசல்காரர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையின் கால் அசலில் உள்ளபடியே மூன்று குமிழ்களுடன் வரையப்பட்டிருந்தது.

“மூணு வேண்டாம் அண்ணாச்சி, ரெண்டு போதும். கழுத்து ரொம்ப மெலிஞ்சுட்டா ஒடிஞ்சு போவும். மூணாவதைப் பாக்கிறவன் கண்ணே போட்டுக்கிடும்” என்றார்.

இரண்டு குமிழ்களோடு கடைந்து என் உள்ளங்கையில் வைத்தபோது அவர் வாக்கு மெய்யாயிற்று. பங்களாவில் நான் கண்ட அதே காலின் கம்பீரம் அதில் இருந்தது. சிறிதாக்குவது என்பது எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் குறைப்பதன்று, எதை விடலாம் எதை விடலாகாது என்று தீர்மானிப்பது என்ற சூக்ஷ்மத்தை நான் அங்கே கற்றேன். மரத்துக்கும் இது பொருந்தும்: அகன்ற ரேகையுள்ள மரத்தில் செய்த அலமாரி, அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும், ரேகையினாலேயே பொம்மை என்று காட்டிக்கொடுத்துவிடும், ஆகையால் இழை நெருங்கிய மரத்தையே அவர் பொறுக்கி எடுத்தார். நாற்காலியின் முதுகுச் சட்டத்தை மட்டும் ஏற்க மறுத்தார். “அது தச்சு வேலையில்லா? உங்க ஊர் ஆசாரிகிட்டயே கொடுங்க” என்று தம் தொழிலின் எல்லையை அவர் வகுத்த விதத்தில் ஒரு கௌரவம் இருந்தது.

அவருடைய மனைவி, செப்புகளைச் சோடி சேர்த்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர், சன்னல் திரையைப் பற்றிக் கேட்டார். துணிதான் இக்கலையில் மிகவும் பிடிவாதமுள்ள பதார்த்தம். எவ்வளவு சிறியதாக வெட்டினாலும் அதன் கனம் குறைவதில்லை, ஆதலால் சிறு திரை மடிந்து விழாமல் விறைத்து நிற்கும். பலமுறை துவைத்து நைந்த மெல்லிய பருத்தியை எடுத்து, கஞ்சியில் நனைத்து, மடிப்புகளை ஊசியால் குத்தி நிறுத்தி உலரவிட்டால் திரை திரையாகத் தொங்கும் என்று அவ்வம்மாள் செய்தே காட்டினார். சுவர்க் காகிதத்தின் பூக்களும் மிளகினும் சிறியனவாக இருந்தாலன்றி அறை குறுகிவிடும் என்பதையும் நான் சொல்லாமலே அறிந்திருந்தார்.

இவ்வளவுடன் பங்களாவின் அலங்காரம் பூர்த்தியாகலாம். ஆனால் என் மனம் பூர்த்தியடையவில்லை. கணப்படுப்பில் விறகு அடுக்கிய அப்புவும், குழந்தையைத் தூங்கவைத்த ஆயாவும், வேலை முடிந்தபின் அந்த வீட்டில் தங்கியவர்களல்லர். தேயிலை பறித்து அந்த வீட்டுக்கே ஆதாரமானவர்களோ அதன் வாசலையும் மிதித்ததில்லை. பங்களாவை மாத்திரம் பிள்ளைகளுக்குக் காட்டுவது பாதிச் சரித்திரத்தை மறைப்பதாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஆகையால் அதே பிரமாணத்தில் ஒரு லயக் காம்பராவும் பக்கத்தில் இருக்க வேண்டுமென்று பாஸிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஒரு குடும்பம் முழுவதும் உண்டு உறங்கிப் பிள்ளை பெற்ற லயத்து அறை பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. பொம்மையில் அது 10 அங்குலத்துக்கு 12 அங்குலம். பங்களாவின் வரவேற்பறைக்குள்ளேயே அதைத் தூக்கி வைத்துவிடலாம்.

அந்த அறைக்கு வேண்டியவற்றை நான் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியதும் கடைசல்காரர் எழுந்து தட்டுக்குப் போனார். பங்களாவின் ஒவ்வொரு பொருளுக்கும் புதிதாக வரைபடம் வேண்டியிருக்க, லயத்தின் அம்மியும் உரலும் அடுப்பும் குடமும் அவரிடம் எந்த உத்தரவையும் எதிர்பாராமல் ஏற்கெனவே தயாராக இருந்தன. திருச்சியிலும் சேலத்திலும் திருநெல்வேலியிலுமிருந்து கடல் கடந்த எங்கள் முன்னோர், ஊரில் புழங்கியவற்றையே அங்கும் புழங்கினார்கள். குடம் மட்டும் காம்பராவின் அளவுக்குச் சற்றுப் பெரியதாகத் தோன்றவே, கட்டில் தூண்களில் மிஞ்சிய முனைத் துண்டுகளிலிருந்து அரை அளவில் இரண்டு கடைந்து தந்தார். கொழுந்துக் கூடை கடைசலில் வராது. அதன் உயரத்தையும், தலையிலிருந்து முதுகில் தொங்கும் கயிற்றின் நீளத்தையும் என்னிடம் கேட்டறிந்த அவ்வம்மாள், ஓலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துப் பின்ன உட்கார்ந்தார்.