சிவப்பு மை

2018 மாசியில் என் அக்கா மகன் நாற்பது பக்க நோட்டு ஒன்றோடு வந்து நின்றான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். எட்டுப் பக்கத்துக்குப் பாட்டு எழுதியிருந்தான். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றிய பாட்டு. “மாமா, நீங்க படிக்க வேண்டாம். நான் சொல்லுதேன், கேளுங்க. பின்னாடி ஒரு பீட் ஓடும்” என்று போனை எடுத்தான். “பீட்டெல்லாம் அப்புறம் பாப்போம். மொதல்ல எழுத்தக் காட்டுல” என்று நோட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

முப்பத்தோரு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் நான். பேனாவை எடுத்தால் கை தானாகத் திருத்தும். எதுகை இல்லாத இடத்தில் ஒரு கோடு, கொச்சைக்கு ஒரு வட்டம், ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு பெருக்கல் குறி. கடைசிப் பக்கத்தின் அடியில் ‘இது பாட்டல்ல, பேச்சு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அவன் போனைப் பையில் வைத்துக்கொண்டு, “சரி மாமா” என்று சொல்லிவிட்டுப் போனான். நோட்டை எடுத்துப் போகவில்லை. அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அன்றைக்கு வரை ராப் என்று சொல்லப்பட்ட ஒரு பாட்டைக்கூட நான் முழுதாகக் கேட்டதில்லை. கேட்காமலேயே தீர்ப்பு எழுதினேன். அதுவும் முதல் தடவை இல்லை. ‘காதலன்’ படம் வந்தது 1994-ல். அடுத்த ஆண்டுப் பள்ளி விழாவில் ‘பேட்டை ராப்’ பாட்டுக்கு ஆட வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் பேர் கொடுத்திருந்தார்கள். நான்தான் அடித்துவிட்டேன். அந்தப் பாட்டில் சுரேஷ் பீட்டர்ஸோடும் ஷாகுல் ஹமீதோடும் தேனி குஞ்சரம்மாள் பாடியிருக்கிறார். நாட்டுப்புறப் பாடல்களை அழியாமல் காக்க வேண்டும் என்று வகுப்பில் மணிக்கணக்காகப் பேசியவன், ஒரு நாட்டுப்புறப் பாடகியின் குரல் ராப்போடு சேர்ந்து ஒலித்தபோது, அதில் யார் பாடுகிறார்கள் என்றுகூட விசாரிக்கவில்லை.

காவடிச்சிந்து நடத்தும்போது நான் வேறு ஆள். சங்கரன்கோவில் பக்கத்துச் சென்னிகுளத்துக்காரர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீனின் ஆதரவில் இருந்தவர், கழுகுமலை முருகனுக்குச் சிந்து பாடியவர், இருபதுகளிலேயே போய்ச் சேர்ந்தவர். ஒரே மூச்சில் எத்தனை எதுகை அடுக்குகிறார், இயைபு எப்படிச் சங்கிலி போல வந்து விழுகிறது என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லிக் கொடுப்பேன். “இதக் கண்ணால படிச்சாப் பாதிதான்ல கெடைக்கும். காவடியத் தோள்ல வச்சு நடந்துக்கிட்டே பாடிப் பாக்கணும்” என்பேன். பல வகுப்புகளில், பல வருடங்கள் சொன்ன வாக்கியம் இது. என் மருமகன் எட்டுப் பக்கத்தைக் காட்டியபோது நான் அதைக் கண்ணால் படித்தேன்.

2020-ல் ஊரடங்கு வந்தது. சென்னையில் வேலை தேடிக்கொண்டிருந்தவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். அக்கா வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். ராத்திரி அவன் பாட்டுப் போட்டால் சுவர் தாண்டி வருவது பேஸ் கிட்டாரின் அதிர்வும் பெரிய டிரம்மின் அடியும் மட்டும்தான். வார்த்தை எதுவும் வராது. அதனால் என்னால் கோடு போட முடியவில்லை. திருத்துவதற்கு அங்கே எழுத்து இல்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, என் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

நாலு அடி. முதல் அடியில் எல்லாம் ஒன்றாக இறங்குகிறது. மீதி மூன்றில் பேஸ் ஒளிந்துகொள்கிறது, இடுக்கில் எட்டிப் பார்க்கிறது, விழ வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் விழுகிறது. ஆனால் திரும்ப முதல் அடிக்குத் தவறாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. கோவில் கொடையில் நையாண்டி மேளம் முன்னே போக, நம் கால் தன்னால் அசையுமே, அதே இழுப்பு. ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு மாடிக்குப் போய், “அது என்னல, அந்த மொத அடி?” என்று கேட்டேன்.

அவன் முகத்தில் பழைய கோபம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. பக்கத்தில் உட்காரவைத்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினான். ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவிடம் கறாராகக் கேட்டது அந்த முதல் அடியைத்தானாம். தாளத்தில் நாம் சமம் என்கிறோமே, அது. ஃபங்க் என்ற இசையே அதன்மேல் எழுந்த கட்டடம். 1973-ல் ஹெர்பி ஹான்காக் என்ற ஜாஸ் பியானோக்காரர் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ என்று ஓர் ஆல்பம் போட்டார். அதன் முதல் பாட்டு கால் மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. ஒரே பேஸ் வரி திரும்பத் திரும்ப வருகிறது. அதன்மேல் ஏறி நின்று மற்ற வாத்தியங்கள் மனோதர்மத்தை விரிக்கின்றன. தவில் நடை பிடித்துக் கொடுக்க, நாதஸ்வரக்காரர் கண்ணை மூடிக்கொண்டு ஸ்வரம் அடுக்கும் சாயங்காலங்கள் எனக்கு நினைவு வந்தன. காருகுறிச்சி அருணாசலத்தை நேரில் கேட்டதை என் அப்பா சாகும்வரை பெருமையாகச் சொல்வார். அவர் இருந்திருந்தால் இதையும் கேட்டுத் தலையாட்டியிருப்பார் என்று தோன்றியது.

பிறகு கெண்ட்ரிக் லமார். 2015-ல் வந்த ‘டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை’ ஆல்பத்தில் ‘ஃபார் ஃப்ரீ’ என்று இரண்டே நிமிடத்துக்கு ஒரு துண்டு வருகிறது. பின்னால் ஜாஸ் குழு தலைதெறிக்க ஓடுகிறது, அதன்மேல் இவர் பேசுகிறார். ஆம், பேசுகிறார். அந்தப் பேச்சு ஓரிடத்தில் தாளத்துக்கு முன்பே தொடங்குகிறது, இன்னோரிடத்தில் தாளம் தொடங்கியபின் உள்ளே நுழைகிறது. அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று நம் இலக்கணம் பெயர் வைத்திருக்கும் சங்கதிகள். ஆங்கிலம் எனக்குப் பாதிக்கு மேல் பிடிபடவில்லை. ஆனாலும் எந்தச் சொல் எந்த அடியின் தோளில் ஏறுகிறது என்பது தெளிவாகக் கேட்டது. நான்கு தடவை கேட்டேன். ‘இது பாட்டல்ல, பேச்சு’ என்று நான் எழுதிய வரி உள்ளே திரும்பத் திரும்ப ஓடியது.

இதோடு நிறுத்தினால் ஒரு கிழவன் காலம் கடந்து ரசிக்கக் கற்றுக்கொண்ட கதை ஆகிவிடும். நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இதற்குக் கீழே இருக்கிறது.

அந்த நோட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் அவன் அன்றைக்குத்தான் சொன்னான். 2018 ஜனவரி 6-ம் தேதி, சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் நிகழ்ச்சி. இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. அயோத்திதாசப் பண்டிதர் சாதியற்றவர்கள் என்ற பொருளில் ஆண்ட சொல்லிலிருந்து பேர் எடுத்தது. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் ஒரே மேடையில். சிநேகிதன் வீட்டுக் கல்யாணம் என்று பொய் சொல்லிவிட்டு, சங்கரன்கோவிலில் பொதிகை ரயில் ஏறிப் போயிருக்கிறான். “ஏம்ல எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டேன். “சொன்னா விட்டிருப்பீங்களா மாமா?” என்றான்.

விட்டிருக்க மாட்டேன். காரணம் இசை இல்லை. எங்கள் தெருக் கோவில் கொடைக்குப் பன்னிரண்டு வருடம் வரவு செலவுக் கணக்கு எழுதியவன் நான். நாதஸ்வரம், தவில், வில்லிசை என்றால் கலைஞரின் பேரும் ஊரும் எழுதி எதிரே தொகையைப் போடுவேன். பறை அடிக்க வருகிறவர்களுக்கு ‘கொட்டு – 4 பேர்’. பன்னிரண்டு வருடமும் அப்படித்தான். நாதஸ்வரக்காரருக்கு நாற்காலி உண்டு. கொட்டுக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள், கடைசிப் பந்தியில் சாப்பிடுவார்கள். ராகம் உசத்தி, அடி மட்டம் என்று எனக்குள் ஒரு வரிசை இருந்தது. அது நான் காதால் கேட்டு அமைத்த வரிசை இல்லை. யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து அமைத்த வரிசை. மூட்டை தூக்குகிறவர்களின் பாஷையில் என் வீட்டுப் பிள்ளையே பாட்டெழுதி வந்தபோது எனக்கு வந்த எரிச்சலும் அங்கிருந்து வந்ததுதான். எதுகை, மோனை எல்லாம் நான் அதற்குப் போட்ட சட்டை.

கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் என்று ஒரு டிரம்மர். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் இருந்தவர். 1970-ல் வந்த ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் மற்ற வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, சில விநாடிகள் தனியாக வாசிக்கிறார். அந்தத் துண்டை வெட்டி எடுத்துத்தான் பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான ராப் பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டார்கள். பாட்டின் உரிமை ஜேம்ஸ் பிரவுன் பேரில் இருந்தது. வாசித்தவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை வரவில்லை. 2017-ல் இறந்துபோனார். மருமகன் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு என் கையெழுத்தில் இருந்த கணக்கு நோட்டு கண்முன் வந்தது.

1991-ல் ‘எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட்’ என்ற குழு போட்ட ‘தி லோ எண்ட் தியரி’தான் இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம். ராப்புக்குள் ஜாஸ் இவ்வளவு இயல்பாகக் கலந்து நான் வேறெங்கும் கேட்டதில்லை. மைல்ஸ் டேவிஸுடன் வாசித்த ரான் கார்ட்டர் அதில் ஒரு பாட்டுக்கு டபுள் பேஸ் வாசித்திருக்கிறார். ஆல்பத்தின் தலைப்பிலுள்ள ‘லோ எண்ட்’ இசையின் அடிக்கனத்தையும் குறிக்கும், சமூகத்தில் கீழே தள்ளப்பட்டவர்களின் இடத்தையும் குறிக்கும் என்று மருமகன் விளக்கினான். சுவர் தாண்டி எனக்கு வந்து சேர்ந்தது அந்த அடிக்கனம் ஒன்றுதான்.

போன கொடையில் கொட்டுக்காரர்கள் நிற்கும் இடத்துக்குப் போய், கூட நின்று கேட்டேன். மூத்தவரிடம் பேரைக் கேட்டேன். “நாப்பது வருசமா வாறேன் சார்” என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் பேரைச் சொன்னார். கணக்கு இப்போது வேறொருவர் எழுதுகிறார். நாலு பேரின் பேரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நோட்டில் ஏறியதா என்று எனக்குத் தெரியாது. நாற்காலியும் பந்தியும் மாறவில்லை. அதைக் கூட்டத்தில் எழுந்து கேட்க இந்த வருடமும் எனக்கு வாய் வரவில்லை.

மருமகன் இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். இன்னும் பாட்டு எழுதுகிறாயா என்று ஒரு தடவை கேட்டதற்கு, “இல்ல மாமா, அது அப்பவே விட்டாச்சி” என்றான். எப்போது என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். இழுப்பறையைத் திறந்து அந்த எட்டுப் பக்கத்தையும் தொடையில் தட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்துப் பார்த்திருக்கிறேன். எதுகை இல்லை என்று நான் கோடிட்ட இடங்களில் பாதிக்கு மேல், அவன் அடுத்த அடிக்காக மூச்சு விட்டிருக்கிறான். நிறுத்தி வைத்த இடத்தையெல்லாம் நான் தவறு என்று குறித்திருக்கிறேன்.

இதை அவனிடம் இன்னும் சொல்லவில்லை. கட்டுரை அச்சானதும் ஒரு பிரதி அனுப்பிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அது சரியில்லை. ஒன்பது மணிக்கு மேல் ஓய்வாக இருப்பான். இன்று ராத்திரி போன் போட்டுச் சொல்கிறேன்.