விழுறதுக்கு முன்னாடி ஒரு வசூல்

ரெண்டு மாசமா ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்க முடியலை. (நிம்மதியா இருந்திருப்பீங்கன்னு தெரியும் :-)) நடுவுல லேபர் டே நீண்ட வார இறுதி வந்துச்சு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து மிச்சிகனின் வடக்குப் பக்கம் கிளம்பிட்டோம். டெட்ராய்ட் பக்கத்துல இருந்து நாலு மணி நேரத்துக்கும் மேல கார் ஓட்டணும். ஊர் பேரு கிளென் ஆர்பர். பக்கத்துலயே ஸ்லீப்பிங் பேர் மணல்மேடுகள், அதை ஒட்டி கடல் மாதிரி மிச்சிகன் ஏரி.

மணல்மேட்டைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. ஏறும்போது நுரை தள்ளும், அவ்வளவுதான் விஷயம். இந்தப் பதிவு அதைப் பத்தி இல்லை. மேட்டுக்குக் கீழ ஓடுற ஒரு சைக்கிள் பாதையைப் பத்தி.

அந்த ஏரிக்கரையைச் சுத்தி எம்-22ன்னு ஒரு நெடுஞ்சாலை போகுது. பார்க்க அழகான ரோடு, ஆனா ஒடுக்கம், வளைவு ஜாஸ்தி. கோடையில கார், படகை இழுத்துட்டுப் போற டிரக்கு, வீடு மாதிரி வேனுன்னு நெரியும். அந்த ஓரத்துல சைக்கிள் ஓட்ட நிஜமாவே தைரியம் வேணும். இப்ப அந்த நெடுஞ்சாலையையும் எம்-109ஐயும் ஒட்டி, ஆனா அதுங்களோட ஒட்டாம, மரங்களுக்கு நடுவுல தனியா ஒரு தார்ப்பாதை. எம்பயர்ங்கற ஊர்ல தொடங்கி 22 மைல். பேரு ஸ்லீப்பிங் பேர் ஹெரிடேஜ் டிரெயில். முதல் துண்டு 2012ல திறந்திருக்காங்க. அப்புறம் துண்டு துண்டா சேர்த்துக்கிட்டே வந்திருக்காங்க.

வாடகைக்கு சைக்கிள் எடுத்து ஓட்டினேன். கடைசியா சைக்கிள் மிதிச்சது காலேஜ்ல. முன்னாடி ஒரு ஆறு வயசுப் பொண்ணு தன் குட்டி சைக்கிள்ல ஆடி ஆடிப் போகுது. அவங்க அம்மா ஐம்பதடி பின்னாடி பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வர்றாங்க. குழந்தையைக் கூப்பிடலை, திட்டலை, பதறலை. மரங்களுக்கு அந்தப் பக்கம் வண்டிங்க போற சத்தம் மட்டும் கேட்குது. எனக்கு அந்த அம்மாவோட முகத்தைத்தான் பார்க்கத் தோணுச்சு.

வழியில தன்னார்வலர் ஒருத்தர் நின்னுட்டிருந்தார். எழுபது வயசுக்கு மேல இருக்கும். காத்து இறங்கின டயருக்குப் பம்பு அடிச்சுக் கொடுத்துட்டிருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "கவர்ன்மென்ட் நல்லா போட்டுக் கொடுத்திருக்கு"ன்னு சொன்னேன். அவர் சிரிச்சார். "கவர்ன்மென்ட் பாதி உண்மை. நாங்களும் கொடுத்தோம். நான் கொஞ்சம், என் பக்கத்து வீட்டுப் பாட்டி பத்து டாலர். அந்தப் பாட்டிக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது" என்றார்.

அறைக்கு வந்து தேடிப் படிச்சேன். இந்தப் பாதைக்கு நிதி திரட்டினதுல முன்னாடி நின்னவங்க ரெண்டு லாப நோக்கமற்ற அமைப்புகள். ஒண்ணு டார்ட் டிரெயில்ஸ், இன்னொண்ணு ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸ். ரெண்டாவது அமைப்போட ஆளுங்கதான் பாதையைப் பராமரிக்கறதும். பனிக்காலத்துல பனியைச் சமன்படுத்தி பனிச்சறுக்குக்கும் தயார் பண்றாங்க.

இன்ஜினியர் புத்திக்குப் பிடிச்ச இடம் கணக்குதான். அமெரிக்காவுல இந்த மாதிரி பாதைகளுக்கு ஃபெடரல் போக்குவரத்து நிதி உண்டு, ஆனா முழுசா தர மாட்டாங்க. மிச்சிகன்ல உள்ளூர்ப் பங்கு குறைஞ்சது 20 சதவீதம் காட்டணும். மாநிலத்தோட இயற்கை வள நிதின்னா 25 சதவீதம். அதாவது பாட்டியோட பத்து டாலர், தன்னோட இன்னொரு நாற்பது டாலரைக் கூட்டிட்டு வரும். பாட்டி கொடுக்கலைன்னா நாற்பதும் வேற ஊருக்குப் போயிடும். மக்கள் வசூல் பண்ணினது முழு ரோட்டுக்கும் இல்லை, கதவைத் திறக்கற சாவிக்கு.

இதைப் படிச்சதும் எனக்கு சித்தப்பா ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊர் உளுந்தூர்பேட்டை பக்கம். நான் ஸ்கூல்ல படிக்கும்போது சென்னை - திருச்சி ரோடு நாலு வழியாச்சு. பஸ்ஸெல்லாம் பறந்துச்சு, எங்களுக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா ஊருக்கு எதிர்ல இருந்த திறப்பை அடைச்சு நடுவுல சுவர் மாதிரி கட்டிட்டாங்க. எதிர்ப்பக்கம் போகணும்னா ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்த் திரும்பி வரணும். சைக்கிள்காரன் எவன் போவான்? எல்லாரும் ஓரமா எதிர்த்திசையில மிதிச்சாங்க. சித்தப்பா தினமும் விடியக்காலையில ரெண்டு கேன் பாலோட சொசைட்டிக்குப் போவார். ஒரு மார்கழி, பனி மூட்டம், லாரி உரசிட்டுப் போயிடுச்சு. நிக்கக்கூட இல்லை.

உயிர் தப்பிச்சுது. காலுக்குள்ள கம்பி வெச்சாங்க. அந்தச் செலவுக்கு ஊரே வசூல் பண்ணுச்சு. அப்பாதான் ஒரு நாற்பது பக்க நோட்டுல கணக்கு எழுதினார். கோயில் திருவிழாவுக்கு எழுதுற அதே மாதிரி, மேல பிள்ளையார் சுழி, கீழ பேரும் தொகையும். ஐநூறு, இருநூறு, கூலி வேலைக்குப் போற ஒரு ஆயா கொடுத்த இருபது. எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் வந்துச்சு. அந்த நோட்டு இன்னும் எங்க வீட்டு பீரோவுல இருக்கு. சித்தப்பா அதுக்கப்புறம் சைக்கிளைத் தொடலை.

எங்க ஊர்ல வசூல் பண்ணத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. டியூப்லைட்ல வெளிச்சம் வரவிடாத அளவுக்கு 'உபயம்'னு பேரு எழுதற ஊர் அது. பணமும் வந்துச்சு, மனசும் இருந்துச்சு. ஆனா சித்தப்பா விழுந்த பிறகு வந்துச்சு.

ஊர் திரும்பும்போது கார்ல இதையே பேசிட்டு வந்தேன். கூட வந்த நண்பன் ஒத்துக்கலை. "டேய், ரோடு போடறது கவர்ன்மென்ட் வேலை. வரியும் கட்டிட்டு உண்டியலும் குலுக்கணுமா? பணக்கார ஏரிக்கரைக்காரன் வசூல் பண்ணிடுவான். உங்க சித்தப்பா ஊருக்கு யார் கொடுப்பா?"

நியாயமான கேள்வி. என்கிட்ட முழு பதில் இல்லை. டென்னிசி மாநிலத்து மெம்ஃபிஸ்ல வசதி குறைஞ்ச பிங்ஹாம்ப்டன் பகுதி வழியா ஹாம்ப்லைன்னு ஒரு தனி சைக்கிள் தடம் இருக்கு. அதுக்கு 2013ல பொதுமக்கள்கிட்ட இணையம் மூலமா 75 ஆயிரம் டாலருக்கு மேல திரட்டினாங்க. மொத்தச் செலவோ பல மில்லியன். அங்கயும் வசூல் வந்து பெரிய நிதியில விழுந்த ஓட்டையை அடைக்கத்தான். அதனால பணக்காரங்களால மட்டும்தான் முடியும்னு சொல்ல முடியாது. ஆனா அரசாங்கத்தோட பெரும்பங்கு இல்லாம எந்த உண்டியலும் ரோடு போடாதுங்கறதும் உண்மை. மிச்சிகன்லயும் எல்லாம் சுமுகம் இல்லை. திட்டம் போட்டது சுமார் 27 மைலுக்கு. மிச்சப் பகுதிக்கு மரம் வெட்டணும், மணல்மேட்டைத் தொடணும்னு உள்ளூர்க்காரங்களே எதிர்ப்புத் தெரிவிச்சிருக்காங்க. அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

ஆனா ஒண்ணு. இந்தப் பங்குக் கணக்கு நமக்குப் புதுசு இல்லை. 1997லயே தமிழ்நாட்டுல 'நமக்கு நாமே' திட்டம் வந்தாச்சு. 2021ல மறுபடியும் கொண்டு வந்தாங்க. பொதுமக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மீதியை அரசு போடும். அதுல பள்ளிக்கூடச் சுவர் கட்டியிருக்கோம், குளம் தூர் வாரியிருக்கோம். சைக்கிளுக்குப் பாதை வேணும்னு எங்க ஊர்ல யாரும் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை.

ஊர்ல இருக்கற சித்தப்பா பையனுக்குப் போன் போட்டேன். "அண்ணா, ஹைவே ஓரம் நம்ம இடம் இல்லைண்ணா, அதுல கை வைக்க முடியாது. ஆனா வாய்க்கா ஓரமா ஸ்கூலுக்குப் போற தடம் பஞ்சாயத்தோடதுதான். முள்ளு மண்டிக் கெடக்கு. அதைச் சரி பண்ணினா பசங்க ஹைவே ஏறவே வேணாம்" என்றான். இவ்வளவு நாளா அவன்கிட்ட நான் கேட்டதே இல்லை. அடுத்த கிராம சபையில மனு கொடுக்கறதா சொல்லியிருக்கான். என் பங்கு இவ்வளவுன்னு சொல்லிட்டேன். மிச்சிகன் பாதைக்கும் ஐம்பது டாலர் அனுப்பினேன். ஓட்டினவன் கொடுக்கணும்ல.

போனை சித்தப்பாகிட்ட கொடுக்கச் சொல்லி, எடுத்த போட்டோவெல்லாம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சைக்கிளுக்குன்னே தனி ரோடாடா தம்பி?"

"ஆமா சித்தப்பா."

"லாரி வராதா?"

"வராது சித்தப்பா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "டோல் எவ்வளவு?"

டிஸ்கி: முள்ளு வெட்ட என்ன ஆகும்னு பையன் கணக்கு எழுதி அனுப்பறேன்னு சொல்லியிருக்கான். அப்பாவோட பழைய நோட்டுல இன்னும் பன்னெண்டு பக்கம் காலியா இருக்காம். அதுலயே எழுதச் சொல்லிட்டேன்.